கார்டு ஸ்லாட்டும் தனியுரிமையும் ஒரே போனில் கிடைக்குமா?

கேள்வி: மலைக்கிராமங்களில் வாய்மொழிப் பாடல்களையும் வழக்காறுகளையும் பதிவுசெய்து வருகிறேன். இதுவரை சேர்ந்திருப்பது 310 ஜிபி. போகிற இடங்களில் பாதிக்கு மேல் சிக்னல் இருக்காது. பாட வந்தவர்கள் குடும்பச் சண்டை, நிலத்தகராறு எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். அது எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போய்விடக் கூடாது. கூகுள் கணக்கு இல்லாமல் ஓடுகிற, 1 டிபி கார்டு போடக்கூடிய போன் 45,000 ரூபாய்க்குள் எது? அதில் யுபிஐ வேலை செய்யுமா? இப்போது கையில் இருக்கும் பழைய போனையும் அதன் கார்டையும் என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

நீங்கள் கேட்கும் இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. இந்தியாவில் கடைக்குப் போய் வாங்கக்கூடிய போன்களில், தனியுரிமையை உண்மையாகவே இறுக்கிப் பிடிக்க முடிகிறவற்றில் கார்டு ஸ்லாட் கிடையாது. ஸ்லாட் இருக்கிறவற்றில் அந்த இறுக்கம் வராது. ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்லாட்டை விட்டுவிடுங்கள் என்பது என் பரிந்துரை. அது பெரிய இழப்பாக இருக்காது என்பதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு நொடிக்கு 96 கிலோபைட் எடுக்கும். மணிக்கு 346 எம்பி. ஸ்டீரியோ என்றால் அதன் இரட்டிப்பு. ஃப்ளாக் வடிவில் சேமித்தால் தரம் ஒரு துளியும் குறையாமல் பாதியை ஒட்டி வந்துவிடும். 256 ஜிபி போனில் இயங்குதளத்துக்கும் செயலிகளுக்கும் 30 ஜிபி போகட்டும். சேமிப்பு விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும் என்பதால் பத்து சதவீதம் காலியாக இருக்கட்டும். மிச்சம் 200 ஜிபி என்று வைத்துக்கொண்டாலும் மோனோ வேவில் 570 மணி நேரத்துக்கு மேல் பதியலாம். ஒரு பயணத்தில் 15 மணி நேரம் பதிவுசெய்தாலும் ஆகிறது 5 ஜிபிதான். இடத்தை விழுங்குவது வீடியோ. 1080பி தரத்தில் மணிக்கு 6 முதல் 8 ஜிபி வரை போகும். அப்படியும் பத்து மணி நேர வீடியோ 80 ஜிபியைத் தாண்டாது. உங்களுடைய 310 ஜிபியில் பெரும்பகுதி பழைய பதிவுகளாகத்தான் இருக்கும். அதைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டிய அவசியம் இல்லை. போனில் இந்த ஆண்டு வேலை இருக்கட்டும், மற்றது வீட்டில் பூட்டிய டிரைவில் இருக்கட்டும்.

கார்டைப் பற்றி விற்பனைக் கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனின் உள் சேமிப்பு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டது. உங்கள் பின் எண் இல்லாமல் அதைப் படிக்க முடியாது. ஆனால் அதே போனில் செருகிய மெமரி கார்டு சாதாரணமாகத் திறந்தே கிடக்கும். போன் பூட்டியிருந்தாலும் ட்ரேயை ஊசியால் குத்தி வெளியே எடுத்து, எந்த ரீடரில் போட்டாலும் கோப்புகள் வரிசையாகத் தெரியும். பேருந்தில் போன் தொலைந்தால் பூட்டு போனுக்கு மட்டும்தான், பதிவுகளுக்கு இல்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டை உள் சேமிப்பின் பகுதியாக்கிக் குறியாக்கம் செய்யும் வசதி இருக்கிறது. பல நிறுவனங்கள் அதைத் தங்கள் போன்களில் தருவதே இல்லை. தந்தாலும், அந்தக் கார்டைத் திறக்கும் சாவி போனுக்குள்தான் இருக்கும். போன் செத்தால் கார்டும் அதோடு போயிற்று.

இனி போனுக்கு வருவோம். கூகுளின் பிக்சல் 9ஏ, 256 ஜிபி. அதில் கிராஃபீன்ஓஎஸ் என்ற, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட, கூகுள் சேவைகள் இல்லாத இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போனையே வாங்குவதா என்று சிரிப்பு வரலாம், ஆனால் காரணம் உண்டு. போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். பிக்சலில் அதன் பூட்டைத் திறந்து, வேறு இயங்குதளத்தை ஏற்றி, அந்த இயங்குதளத்தின் சாவியாலேயே மறுபடி பூட்டிவிட முடியும். பூட்டிய பிறகு, ஒவ்வொரு முறை போன் எழும்போதும் உள்ளே இருப்பது மாற்றப்படாத இயங்குதளம்தானா என்று அதுவே சரிபார்க்கும். இதைச் சரியாகச் செய்யவிடும் நிறுவனங்கள் மிகக் குறைவு. அடுத்தது டைட்டன் எம்2 என்ற தனிச் சில்லு. பின் எண்ணை இயந்திரம் வைத்து ஊகித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பு நேரத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதனால்தான் இந்தப் போனில் கண்டபடி எடுத்த ஆறு இலக்க எண்ணே உறுதியான பூட்டாகிறது. பிறந்த தேதி வேண்டாம். பகடை உருட்டியாவது எடுங்கள்.

9ஏ 2025 ஏப்ரலில் 49,999 ரூபாய்க்கு இங்கே வந்தது. பண்டிகைக் காலச் சலுகைகளில் உங்கள் வரம்புக்குள் இறங்குவதுண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பு ஏழு ஆண்டு, அதாவது 2032 வரை. பணம் இடித்தால் 8ஏ போதும். அது 2024 மே மாதம் வந்தது, 2031 மே வரை புதுப்பிப்பு உண்டு. 128 ஜிபி 8ஏ வாங்கி மிச்சப்படும் பணத்தை டிரைவில் போடுவது தவறில்லை, உங்கள் ஒலிப்பதிவுக்கு அது போதும். வீடியோ அதிகம் எடுப்பீர்கள் என்றால் மட்டும் 256 கட்டாயம். பழைய போன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 6ஏ, 7ஏ பக்கம் போகாதீர்கள். 6ஏவின் பேட்டரி சூடாகும் சிக்கலுக்காகக் கூகுளே 2025இல் புதுப்பிப்பு அனுப்பி பேட்டரித் திறனைக் குறைத்தது. 7ஏவில் பேட்டரி உப்பும் புகார்களுக்குத் தனிப் பழுதுத் திட்டமே அறிவிக்க வேண்டி வந்தது. போதாததற்கு இரண்டுக்கும் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது. 6ஏக்குப் புதுப்பிப்பு 2027 ஜூலையோடும் 7ஏக்கு 2028 மேயோடும் முடிகிறது.

எந்தப் பிக்சலைப் பழையதாக வாங்கினாலும் காசு கொடுக்கும் முன்பு இரண்டு சோதனை. அமைப்புகளில் 'அபவுட் போன்' போய், பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். வைஃபையோடு இணைத்துவிட்டு, அதற்குள் இருக்கும், பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற பொத்தானை நகர்த்திப் பாருங்கள். இணையம் இருந்தும் சாம்பல் நிறத்தில் நகராமல் கிடந்தால் வாங்காதீர்கள். அமெரிக்காவில் வெரைசான் விற்ற போன்கள் இப்படித்தான் இருக்கும், யாராலும் திறக்க முடியாது. இறக்குமதியாகி வரும் செகண்ட்ஹேண்ட் சரக்கில் இவை கலந்திருக்கும். இரண்டாவது, நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப்போன் என்று பதிவாகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இயங்குதளத்தை ஏற்றுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அரைமணி வேலை. கிராஃபீன்ஓஎஸ் தளத்திலேயே வெப் இன்ஸ்டாலர் இருக்கிறது. குரோம், எட்ஜ், பிரேவ் போன்ற குரோமியம் வகை பிரவுசர் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் யுஎஸ்பியைத் தொடும் வசதி இல்லாததால் ஓடாது. கணினியில் 32 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். மறைநிலைச் சாளரத்தில் செய்யாதீர்கள், இறக்கும் கோப்பை வைக்க அதில் இடம் போதாமல் பாதியில் நிற்கும். ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கிவிட்டு, ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி போனை மறுதொடக்கம் செய்தால் ஃபாஸ்ட்பூட் திரை வரும். கேபிளைச் செருகி, தளத்தில் இருக்கும் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழுத்த வேண்டியதுதான்: திறப்பது, கோப்பை இறக்குவது, எழுதுவது, மறுபடி பூட்டுவது. திறக்கும்போதும் பூட்டும்போதும் போன் திரையில் உறுதிசெய்யச் சொல்லும். ஒலிப் பொத்தானால் தேர்ந்து, பவர் பொத்தானால் அழுத்துங்கள். திறந்தவுடன் போனில் உள்ளவை எல்லாம் அழியும். ஆகவே புதுப்போனில் எதையும் போட்டுவைக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் கேபிளில்தான் சிக்குகிறார்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள், தளர்ந்த ஹப், கணினியின் முன்பக்க யுஎஸ்பி துளை: இவற்றில் ஏதோ ஒன்று எழுதும்போது பாதியில் அறுந்துபோகும். போனுடன் வந்த கேபிளைக் கணினியில் நேராகச் செருகுங்கள். விண்டோஸில் போனையே காணவில்லை என்றால், விண்டோஸ் அப்டேட்டின் விருப்பப் புதுப்பிப்புகளில் ஃபாஸ்ட்பூட் ட்ரைவர் காத்திருக்கும், அதை ஏற்றுங்கள். கடைசி வேலையான பூட்டுவதைச் சிலர் மறந்துவிட்டு, போன்தான் ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். பூட்டாத போனில் செய்த வேலை அத்தனையும் வீண். பூட்டிய பிறகு ஒவ்வொரு முறை எழும்போதும் மஞ்சள் எச்சரிக்கைத் திரை ஒன்று சில நொடி வரும். வேறு இயங்குதளம் இருக்கிறது என்ற அறிவிப்புதான் அது, பழுதில்லை. எல்லாம் முடிந்து போனுக்குள் போனதும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

கூகுள் கணக்கு எங்கேயும் கேட்காது. செயலிகளுக்கு, கணக்கு கேட்காத செயலிக் கடையான எஃப்-டிராய்டு போதும். பாட்டு, வீடியோ கேட்க விஎல்சி, சிக்னல் இல்லாத இடத்தில் வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ். தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். கையோடு கலைக்களஞ்சியம் வேண்டுமென்றால் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கலாம், சில ஜிபிதான். படத்தோடு ஆங்கிலத்தையும் இறக்கப் போனால் 100 ஜிபியைத் தாண்டும், அதை விட்டுவிடுங்கள். தட்டச்சுக்கு ஹெலிபோர்டு. இணைய அனுமதியே கேட்காத விசைப்பலகை அது, தமிழும் உண்டு.

உங்களுக்குப் பெரிதும் உதவப்போவது வேறொன்று. கிராஃபீன்ஓஎஸில் 'நெட்வொர்க்' என்பதும் ஓர் அனுமதி. கேமரா, மைக்கைப் போல ஒவ்வொரு செயலிக்கும் அதைத் தனியாக மறுக்கலாம். ஒலிப்பதிவுச் செயலியை நிறுவும்போதே அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தச் செயலி என்ன எண்ணம் வைத்திருந்தாலும் ஒரு பைட் வெளியே போகாது. 'ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ்' என்ற வசதியில், எல்லாக் கோப்புகளையும் காட்டு என்று அடம்பிடிக்கும் செயலிக்கு நீங்கள் தேர்ந்த ஓரிரு ஃபோல்டர்களை மட்டும் காட்டலாம். மற்றவை இருப்பதே அதற்குத் தெரியாது. பதிவுகள் இருக்கும் ஃபோல்டரை வாட்ஸ்ஆப் கண்ணில் படவிடாதீர்கள்.

கேமராவில் ஒன்றைக் கவனியுங்கள். இதில் வரும் கேமரா, படம் எடுத்ததும் அதன் எக்ஸிஃப் குறிப்புகளை, அதாவது கோப்புக்குள் பதியும் தேதி, நேரம் போன்ற விவரங்களை, தானாக நீக்கிவிடும். சாதாரண ஆளுக்கு நல்லது. ஆய்வாளருக்கு எடுத்த தேதியும் நேரமும் வேண்டும். அமைப்பில் அந்த நீக்கத்தை அணைத்து வையுங்கள், இருப்பிடத்தைப் பதிவதை மட்டும் இயக்காதீர்கள். படத்தை யாருக்காவது அனுப்பும்போது அந்த நகலில் குறிப்புகளை நீக்கிக்கொள்ளலாம். கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள், ஊர்க்குறி, வரிசை எண் என்று வையுங்கள். பாடியவர் பெயரைக் கோப்புப் பெயரில் எழுதாதீர்கள். எந்த எண் யாருடையது என்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

இந்த இயங்குதளம் 18 மணி நேரம் பூட்டித் திறக்காமல் கிடந்தால் தானே மறுதொடக்கம் ஆகும். திருடன் கையில் இருந்தாலும் சாவிகள் நினைவகத்திலிருந்து போய்விடும். 'டியூரெஸ் பின்' என்று ஒன்றும் இருக்கிறது, அதை அடித்தால் போன் மொத்தமாக அழிந்துவிடும். வேறு நகல் இல்லாத பதிவு போனில் இருக்கும்வரை அதை அமைக்காதீர்கள். வீட்டுக் குழந்தைகள் எண்களைத் தட்டி விளையாடுவார்கள்.

இவ்வளவு இறுக்கிப் பூட்டியதற்கு ஒரு விலை இருக்கிறது. பழைய போன்களில் திரை உடைந்தால் கடைக்காரர் எப்படியாவது டேட்டாவை எடுத்துத் தருவார். இதில் மதர்போர்டு போனால் எந்தக் கடைக்காரராலும், எந்தத் தடயவியல் கூடத்தாலும் எடுத்துத் தர முடியாது. சில்லைக் கழற்றிப் படித்தாலும் வருவது குப்பைதான். ஆகவே இரண்டாவது நகல் இல்லாத பதிவைப் பதிவாகவே கணக்கில் சேர்க்காதீர்கள்.

களத்தில் இருக்கும் நாட்களுக்கு, பின் எண் பொத்தான்கள் பதித்த யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கலாம். கிங்ஸ்டனின் அயர்ன்கீ கீபேடு 200சி அந்த வகை. டைப்-சி முனை கொண்டது. டிரைவிலேயே எண்ணை அழுத்தித் திறப்பதால் போனில் எந்தச் செயலியும் வேண்டாம். சாதாரண பென்டிரைவைவிட விலை பல மடங்கு என்பதால் சிறிய அளவே போதும். ஒரு பயணத்துக்கு 10 ஜிபி என்றால் 32 ஜிபி தாராளம். தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் உள்ளதை அழித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல்முறை செருகும்போது டிரைவ் தெரியவில்லை என்று பதறாதீர்கள். போன் பூட்டியிருக்கும்போது யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் மட்டும்தான் ஏறும், தரவு போகாது என்பது கிராஃபீன்ஓஎஸின் இயல்பு அமைப்பு. போனைத் திறந்துவிட்டு அதன்பின் செருகுங்கள். நகலெடுத்து முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்காதீர்கள். டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட் வடிவத்தில், பாதியில் நின்றதைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு கிடையாது. பிடுங்கிய நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, மொத்தப் பட்டியலே சிதைய வாய்ப்பிருக்கிறது. ஃபேட்32 வடிவத்திலும் வைக்காதீர்கள், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. நீண்ட வீடியோ அங்கேதான் அடிபடும்.

வீட்டில் 1 டிபி எஸ்எஸ்டி இரண்டு. கணினியில் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளை நிறுவி, ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் 900 ஜிபிக்கு ஒரே கன்டெய்னர் கோப்பு, அதாவது மற்றக் கோப்புகளை உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டி போன்ற கோப்பு, உருவாக்குங்கள். டிரைவ் முழுவதையும் குறியாக்கம் செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்த டிரைவை விண்டோஸில் செருகினால் 'இதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். வீட்டில் யாராவது ஒருவர் 'சரி' அழுத்தினால் தீர்ந்தது. கன்டெய்னர் கோப்பில் இந்த வம்பு இல்லை. கடவுச்சொல் 20 எழுத்துக்கு மேல் இருக்கட்டும். தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் நினைவிலும் நிற்கும். உருவாக்கியதும் 'பேக்கப் வால்யூம் ஹெடர்' செய்து அந்தச் சிறு கோப்பை வேறு இடத்தில் வையுங்கள். தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் திறக்காது.

வெராகிரிப்டுக்கு அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி கிடையாது. எனவே இந்த எஸ்எஸ்டிகள் கணினியோடு மட்டும்தான். பழைய பதிவு ஒன்றைக் களத்துக்குக் கொண்டுபோய்ப் பாடியவருக்கே போட்டுக் காட்ட வேண்டுமென்றால், அந்தக் கோப்பை மட்டும் முதல் நாள் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போனிலிருந்து கணினிக்குக் கேபிள் வழியாக மாற்றும்போது கோப்பின் தேதி மாறிப்போவதுண்டு, அதனால்தான் தேதியைப் பெயரிலேயே எழுதச் சொன்னேன். மொத்தமாகப் பெரிய அளவை இழுத்தால் நடுவில் உறைந்து நிற்கவும் செய்யும். 20 ஜிபி அளவுகளாகப் பிரித்து அனுப்புங்கள். இரு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்றது) ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டாவது எஸ்எஸ்டிக்கும் போய்ச் சேர்ந்த பிறகே போனிலிருந்து அழியுங்கள். இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதைக் கணினியில் செருகித் திறந்து பாருங்கள். மின்சாரம் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டியை நம்ப முடியாது.

யுபிஐ பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இது உறுதியாக ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கிராஃபீன்ஓஎஸில் கூகுள் ப்ளே சேவைகளைத் தனிச் சலுகை எதுவும் இல்லாத சாதாரண செயலியாக நிறுவிக்கொள்ளலாம். பல வங்கிச் செயலிகள் அதோடு ஓடிவிடும். ஆனால் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் கண்டிப்பு காட்டும் செயலிகள், இது கூகுள் சான்றளித்த இயங்குதளம் இல்லை என்று திறக்க மறுக்கும். இன்று ஓடுவது அடுத்த புதுப்பிப்பில் நிற்கவும் கூடும். போனைக் கடையில் இருக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துப் பணம் கட்டும் டேப் வசதி வேலை செய்யாது.

முயன்று பார்க்க விரும்பினால் ப்ளே சேவைகளையும் வங்கிச் செயலியையும் வாட்ஸ்ஆப்பையும் தனி யூசர் புரொஃபைலில் போடுங்கள். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிச் சாவி. பதிவுகள் இருக்கும் முதன்மைப் புரொஃபைலை அங்கிருந்து எட்டிப் பார்க்க முடியாது. இப்படிச் செய்பவர்களில் பலர் யுபிஐ பதிவிலேயே நின்றுவிடுவார்கள், 'எஸ்எம்எஸ் அனுப்ப முடியவில்லை' என்று வரும். சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் யுபிஐ உங்கள் எண்ணை உறுதிசெய்கிறது. புதிய புரொஃபைலுக்கு அழைப்பு, எஸ்எம்எஸ் அனுமதி இயல்பாக அணைந்திருக்கும். முதன்மைப் புரொஃபைலிலிருந்து யூசர் அமைப்புக்குப் போய் அதை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் யுபிஐக்கு மட்டும் மலிவான இன்னொரு போன், வங்கியில் பதிந்த சிம்மோடு. இணையமே இல்லாத ஊரில் நட்சத்திரம் 99 ஹேஷ் அடித்தும் பணம் அனுப்பலாம். மெதுவானது, ஆனால் பட்டன் போனிலும் நடக்கும்.

சிம் போட்ட எந்தப் போனும் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். அதைக் கிராஃபீன்ஓஎஸ் மறைக்காது. ஊர் தெரியக் கூடாத சந்திப்பு என்றால் புறப்படும்போதே விமானப் பயன்முறையில் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கார்டு ஸ்லாட்தான் வேண்டும் என்றால், சாம்சங் கேலக்ஸி ஏ26 5ஜி. ஆறு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. அதே வரிசையில் ஒரு படி மேலான ஏ36, ஏ56 இரண்டிலும் ஸ்லாட்டை எடுத்துவிட்டார்கள், அங்கே ஏமாறாதீர்கள். ஏ26இன் ட்ரே ஹைப்ரிட் வகை, இரண்டாம் சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டிபோடும். தொடக்க அமைப்பில் கூகுள் கணக்கையும் சாம்சங் கணக்கையும் தவிர்த்துவிடுங்கள். விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். கேலரியின் ஒன்டிரைவ் ஒத்திசைவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்-டிராய்டு நிறுவவிடாமல் தடுத்தால் காரணம் 'ஆட்டோ பிளாக்கர்', அதை அணைத்துவிட்டு நிறுவுங்கள். பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 'என்கிரிப்ட் எஸ்டி கார்டு' இருக்கும், ஒரு பதிவைக்கூடப் போடும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். செய்த பிறகு அந்தக் கார்டு அந்தப் போனில் மட்டும்தான் திறக்கும். போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் சாவி போய்விடும். இத்தனை செய்தாலும், செயலிகளின் இணையத்தை ஒவ்வொன்றாக அடைக்கும் வசதி பிக்சலில் போல இங்கே கிடைக்காது.

கார்டு வாங்கும்போது வேகத்துக்காகக் காசைக் கொட்டாதீர்கள். ஒலிப்பதிவுக்கு நொடிக்கு 96 கிலோபைட் போதும், இருப்பதிலேயே மந்தமான கார்டும் அதைப் பல மடங்கு தாண்டும். பயப்பட வேண்டியது போலிக் கார்டுக்கு. உள்ளே 32 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றிய கார்டு, 32 ஜிபி வரை ஒழுங்காக எழுதும். அதன்பின் பழைய கோப்புகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. பட்டியலில் எல்லாக் கோப்பும் தெரியும், திறந்தால் எதுவும் பாடாது. வாங்கிய அன்றே விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 கொண்டு கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஓர் இரவு பிடிக்கும்.

ஐபோனிலும் ஸ்லாட் இல்லை. 15ஆம் வரிசையிலிருந்து டைப்-சி டிரைவ் செருகலாம். ஆப்பிள் கணக்கு இல்லாமல் ஒரு செயலிகூட நிறுவ முடியாது என்பதால் உங்கள் நிபந்தனைக்குச் சரிவராது. ஸ்லாட்டும் கூகுளில்லாத இயங்குதளமும் சேர்ந்தே கிடைக்கும் ஃபேர்போனை இந்தியாவில் நிறுவனம் விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாம், உதிரிபாகத்துக்கு அங்கேயேதான் போக வேண்டும். கிராஃபீன்ஓஎஸ் போல ஆண்ட்ராய்டிலிருந்து உருவான இன்னொரு இயங்குதளமான லினியேஜ்ஓஎஸ், பெரும்பாலான போன்களில் பூட்லோடர் திறந்த நிலையிலேயே ஓடுகிறது. பழைய போனுக்கு உயிர்கொடுக்க நல்லது, உங்கள் வேலைக்கு வேண்டாம்.

பழைய போன் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்போடு விற்கப்பட்டது என்றால், கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்தாலே போதும். குறியாக்கச் சாவிகள் அழிவதால் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. ரீசெட்டுக்கு முன், கூகுள் போட்டோஸிலும் வாட்ஸ்ஆப் பேக்கப்பிலும் உங்கள் பதிவுகள் ஏற்கெனவே மேலே போய்விட்டனவா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்காக இயக்கிய போனில் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். கணினியிலிருந்து கணக்கைத் திறந்து அங்கேயும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். ரீசெட் செய்தாலும் கார்டு அப்படியே இருக்கும், அதற்குத் தனி வேலை. சாதாரண ஃபார்மட் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது, மீட்பு மென்பொருள் போட்டால் பாடல்கள் திரும்ப வந்துவிடும். முழுதாக மேலெழுதினாலும் கார்டு தனக்குள் ஒதுக்கி வைத்திருக்கும் மாற்றுப் பகுதிகளில் துண்டுகள் தங்கும். எனவே அந்தக் கார்டை விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். நகல்கள் இரண்டு எஸ்எஸ்டியிலும் ஒப்பிட்டு முடிந்ததும் கட்டிங் பிளேயரால் கார்டை நான்காக வெட்டுங்கள். கறுப்பு உடலுக்குள் இருக்கும் சில்லும் துண்டாக வேண்டும், தங்க நிற முனைகளை மட்டும் நறுக்கி விட்டுவிடாதீர்கள்.